இருபத்து மூன்று சைக்கிள்கள்

நாச்சிமுத்து செத்துப்போன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு முதல், கோயம்புத்தூரில் சைக்கிள்களை யார் எண்ணினாலும் இருபத்து மூன்று என்றுதான் வந்தது. அன்று காலை நாங்கள் வந்திருந்தது பதினான்கு பேர். எண்ணினோம், இருபத்து மூன்று. முன்னாலிருந்து பின்னால் எண்ணினோம், பின்னாலிருந்து முன்னால் எண்ணினோம், விரலை மடக்கி எண்ணினோம், எண்ணிய வண்டிக்கெல்லாம் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டே எண்ணினோம். பதினான்கு ரப்பர் பேண்டு தீர்ந்தது, வாய் மட்டும் இருபத்து மூன்றில் போய் நின்றது. மனிதர்களை எண்ணினால் சரியாக வந்தது, ஆடு மாடு இட்லி எல்லாம் சரியாக வந்தன, பைக்கும் காரும்கூடச் சரியாக வந்தன. சைக்கிளும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவரும் மட்டும் எண்ணிக்கைக்கு அடங்க மறுத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தோம், வெயில் ஏறுகிறதே என்று கிளம்பிவிட்டோம்.

நாங்கள் என்றால் ‘மெல்லப் போவோம்’ சைக்கிள் குழு. எனக்கு மிக்ஸி உதிரிபாகக் கடை, மற்றவர்களில் பல் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, சும்மா இருப்பவர்களும் உண்டு. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸில் கூடுவோம், அங்கிருந்து ஒரு பூங்கா, பூங்காவிலிருந்து ஒரு தெரு, தெருவிலிருந்து ஒரு குளக்கரை என்று ஊரைச் சுற்றி வருவோம். யாரையும் முந்தக் கூடாது, யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் எங்கள் சட்டம், அதை டீ ஷர்ட்டில்கூட அச்சடித்து வைத்திருந்தோம். அதே நேரத்தில் அதே ரோட்டில் பால்காரர் சைக்கிளில் போவார், நைட் டியூட்டி முடிந்த வாட்ச்மேன் போவார், கொத்தனார் மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். அவர்களை நாங்கள் ஒருநாளும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று நினைத்ததில்லை. அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், நாங்கள்தான் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். என் வண்டியில் பாட்டுப் பெட்டி கட்டியிருக்கும், யாராவது மணியடித்து வழி கேட்டால், “ஓரமாப் போங்கண்ணா” என்று அதன் சத்தத்துக்கு மேல் கத்துவேன்.

குழுவில் கடைசியாக வருபவருக்கு வால் என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. பஞ்சர் ஆனவர், மூச்சு வாங்குபவர், நாய்க்குப் பயந்து நிற்பவர் எல்லோரையும் அணைத்துக்கொண்டு வருவது வாலின் வேலை. நாச்சிமுத்து பிறவி வால். நல்ல கனத்த உடம்பு, வேகம் வராது, கோபமும் வராது. பம்பும் பஞ்சர் பசையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு மஞ்சள் சைக்கிளில் எல்லோருக்கும் பின்னால் வருவார். எல்லோருக்கும் பின்னால் நாச்சிமுத்து இருந்தார், நாச்சிமுத்துவுக்குப் பின்னால் யாரும் இல்லை, அதற்காகத்தான் எண்ணிக்கை. அது பூங்கோதை டீச்சரின் பொறுப்பு. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, இருபது வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவந்தவர். கடைசிப் பூங்காவின் வாசலில் முதலில் போய் நின்றுகொள்வார். நாங்கள் ஒவ்வொருவராகக் கடக்கும்போது முதுகில் ஒரு தட்டு தட்டி எண்ணைச் சத்தமாகச் சொல்வார், முடிந்ததும் “எல்லாரும் வந்தாச்சு” என்று கூவுவார், நாங்கள் விசிலடிப்போம். முகத்தைப் பார்த்து எண்ணினால் எண்ணிக்கை தப்பும், முதுகைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த ஞாயிறு, எண்ணுகிற டீச்சரைச் சேர்க்காமல், இருபத்து மூன்று பேர் கிளம்பினோம். நரிக்குளத்தின் கரையில் புதுப் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள், விளக்குக் கம்பம் நட ஆள் மட்டத்துக்குப் பள்ளம் தோண்டிப்போட்டிருந்தார்கள், பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நீல பிளாஸ்டிக் கோட்டை எடுத்துத் தலையோடு மாட்டிக்கொண்டோம், மழையில் நனைவது சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான் என்று எல்லோருக்கும் சந்தோஷம், நான் பாட்டைக் கூட்டி வைத்தேன். அன்றைக்கு அதுதான் கடைசிப் பூங்கா, அதன் மறுபக்க வாசலில் டீச்சர் முதுகு முதுகாகத் தட்டினார். கடைசி முதுகையும் தட்டி, “இருவத்தி மூணு! எல்லாரும் வந்தாச்சு!” என்று கூவினார். விசிலடித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனோம். நாச்சிமுத்து மெஸ்ஸுக்கு வருவதில்லை, சாமிக்குப் பூ வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே யாரும் தேடவில்லை.

ஒன்பதரை மணிக்கு அவர் மனைவி வசந்தாமணி போன் செய்திருக்கிறாள். குளக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, மழையில் சாய்ந்து கிடந்த மஞ்சள் சைக்கிளின் பைக்குள் போன் அடிப்பதைக் கேட்டு வந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். எட்டரை மணிவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எட்டரை மணிக்கு நான் இரண்டாவது உளுந்து வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

போலீஸ் கேட்டது, வசந்தாமணி கேட்டாள். எண்ணிக்கை சரியாக வந்ததே, வாசலில் டீச்சர் அவரைத் தொட்டாரே என்று எல்லோரும் சொன்னோம். அப்படியானால் திரும்பிப் போய் அந்தப் பள்ளத்தில் எப்படி விழுந்தார்? “எதையாவது தவற விட்டிருப்பாருங்க, தேடிட்டுத் திரும்பப் போயிருப்பாரு” என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. அந்த வார்த்தை எல்லோருக்கும் வசதியாக இருந்தது, எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், மறைத்துவிட்டு அவர் படத்துக்கு மாலை போட்டோம். பள்ளத்தை மூடி மேலே பூச்சட்டி வைத்துவிட்டார்கள், பூங்கா திறந்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு முதல்தான் அந்த எண்.

முதலில் நாங்கள் வெளியே சொல்லவில்லை. புதன்கிழமைக்குள் ஊரே சொல்லிவிட்டது. ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் காலையில் எண்ணினார், மாலையில் எண்ணினார், நிரம்பி வழியும்போதும் இருபத்து மூன்று, ஒற்றை வண்டி மட்டும் மிச்சமிருக்கும்போதும் இருபத்து மூன்று. அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டு யாருடைய வண்டிக்கு எந்த இடம் என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். ஒரு பள்ளியில் இலவசச் சைக்கிள் வந்து இறங்கியது, அதிகாரி எண்ணிப் பார்த்து இருபத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், நூற்று எண்பது பிள்ளைகளும் ஆளுக்கொன்றை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு கட்சி சைக்கிள் பேரணி நடத்தியது. பல்லாயிரம் என்றது கட்சி, இருபத்து மூன்று என்றது போலீஸ், ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. பதினைந்து நாள் கழித்து எதிர்க்கட்சியும் பேரணி நடத்தி அதற்கும் இருபத்து மூன்றே வந்ததும் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டன. ஒரு சாமியார் அது சனியின் எண் என்றார், இன்னொருவர் குருவின் எண் என்றார், சைக்கிள் கடைக்காரர்கள் ஆயுத பூஜைக்கு இருபத்து மூன்று எலுமிச்சம்பழம் கட்டினார்கள். வெளியூர்ப் பெண்ணைக் கட்டிய ஒருவர் வீட்டில், வாசலில் நின்ற ஒரே சைக்கிளை அந்தப் பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வண்டி வைத்திருக்கிற குடும்பம் நம்மிடம் ஏன் பஞ்சப்பாட்டு பாடுகிறது என்று மாமியாரோடு சண்டை பிடித்தாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும், அதிசயம் புளிக்காதா? மூன்று மாதத்தில் ஊர் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. எண்ண முடியாத ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. விடிகாலை ஷிப்டுக்குச் சைக்கிளில் கூட்டமாக வரும் மில் பெண்களை, மேஸ்திரி வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே விட்டார். ஸ்பெஷல் கிளாஸுக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகளை வாத்தியார்கள் பெயர் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்களும் பெயர்ப் பட்டியலுக்கு மாறினோம். பட்டியலில் நாச்சிமுத்து இருந்த இடத்தில் வேறொருவரை வாலாக எழுதிக்கொண்டோம், அவரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். யாருடைய பட்டியலிலும் இல்லாதவர்கள் எப்போதும்போல ரோட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பூங்கோதை டீச்சர் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் எண்ணுவார், ஜன்னலில் நின்று எண்ணுவார், இருபத்து மூன்று வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் என் கடைக்கு வந்து மிக்ஸி ஜாரைக் கொடுத்துவிட்டு, பிளேடு மாற்றும் வரை நின்றவர், திடீரென்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த முதுகு ஒல்லியா இருந்துச்சுங்க.”

நான் பிளேடைக் கீழே வைத்தேன்.

“நாச்சிமுத்து அண்ணன் முதுகு மெத்தையாட்ட இருக்கும், எத்தனை வருஷம் தட்டியிருக்கேன். அன்னைக்குக் கடைசியாத் தட்டினப்ப எலும்பு குத்துச்சு. கை சொல்லுச்சுங்க, வாய் கேக்கல. எண்ணிக்கை சரியா வந்துட்டா எல்லாம் சரின்னுதானே இத்தனை வருஷம் பழகியிருக்கு.”

“விடுங்க டீச்சர்” என்றேன். “யானைக்கும் அடி சறுக்கும்.”

“யானைக்குச் சறுக்கினா யானைதானுங்களே விழோணும்?” என்றார். ஜாரைத் துடைத்துக் கொடுத்தேன்.

நான்காம் மாதம், மார்கழிப் பனியில், வசந்தாமணி ரேஸ்கோர்ஸுக்கு வந்தாள். சுடிதார் போட்டு, புது ஹெல்மெட் மாட்டி, நாச்சிமுத்துவின் மஞ்சள் சைக்கிளைச் சீட் இறக்கி ஓட்டிக்கொண்டு வந்தாள். என் பெயரையும் எழுதிக்கோங்க என்றாள், யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை. அன்று நான் பாட்டுப் பெட்டியைப் போடவில்லை. ஊர் முழுக்க அவள் கடைசியாகவே வந்தாள். நரிக்குளத்துப் பூங்கா வாசலில் டீச்சர் பட்டியலோடு நின்று பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும், வண்டியை விட்டு இறங்கி அவர் எதிரே வந்து நின்றாள்.

“ஏனுங் டீச்சர், அன்னைக்குக் கடைசியா நீங்க தொட்டது அவரைத்தானுங்களா?”

நாங்கள் எல்லோரும் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தோம். அவ்வளவு சுத்தமாக எங்கள் வண்டிகள் என்றைக்கும் இருந்ததில்லை.

“இல்லைங்க” என்றார் டீச்சர். “அவரை இல்லை. யாரையோ தொட்டு அவருன்னு எண்ணிட்டேன். அவரு பள்ளத்துல கெடந்தாரு, நாங்க விசிலடிச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டோம். மறுநாளே எனக்குத் தெரியும், சொல்லலை.”

வசந்தாமணி கத்தவில்லை. பூங்கா வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாலு மாசமா அவரு போட்டோவைத் திட்டிட்டிருக்கேனுங்க. அப்படி என்னத்தைத் தொலைச்சீங்க, எதைத் தேடிட்டுத் திரும்பிப் போனீங்க, என்னையும் புள்ளையையும் விட அது பெருசாப் போச்சான்னு தெனமும் திட்டறேன். ஊடு முழுக்கத் தேடிட்டேன், எது காணோம்னு. எல்லாமே இருக்குதுங்க. எதுவுமே தொலையலை.”

அந்தப் பொய்யைச் சொன்னவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவும் செய்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “அப்ப அந்த முதுகு யாரோடதுங்க?” என்றாள். “அந்த ஆளை நான் பாக்கோணும். எங்க ஊட்டுக்காரர் எடத்துல வந்து நின்ன ஆளு யாருன்னு பாக்கோணும்.”

அதன் பிறகு நான்கு நாள், வேலையை விட்டுவிட்டு, நானும் டீச்சரும் வசந்தாமணியும் காலை ஆறு மணிக்கு அந்த வாசலில் நின்றோம். வருகிற சைக்கிள்களை எல்லாம் நிறுத்திப் பெயர் கேட்டோம், அந்த மழை நாளில் நீலக் கோட்டோடு வந்த ஒல்லி ஆளைத் தெரியுமா என்று கேட்டோம். எத்தனை வருடமாக அதே ரோட்டில் போகிறவர்கள். ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சந்தேகமாகப் பார்த்தார்கள், சிலர் பயந்துபோய் வேகமாக மிதித்தார்கள். சலவைக்காரர் ஒருவர், கீரை விற்கும் ஒரு அம்மா, கொத்தனார்கள் நாலைந்து பேர். ஐந்தாம் நாள், ஒரு பால்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒல்லியா, நீலக் கோட்டுப் போட்டவருங்களா? ராக்கியண்ணனா இருக்குமுங்க. பஞ்சுக் குடோன் வாட்ச்மேன். கொளத்துக்கு அக்கட்ட லைன் ஊட்டுல இருக்காரு” என்றார்.

மூன்று சைக்கிளில் போனோம். வசந்தாமணி முன்னால் போனாள். அவரைப் பார்த்ததும் என்ன செய்வாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவாளோ, அழுவாளோ, டீச்சரை விட்டு உண்மையைச் சொல்லச் சொல்வாளோ. டீச்சரோ அதற்குத்தான் தயாராக வந்தார். “எல்லாத்தையும் சொல்லிடறேனுங்க, சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ராக்கியண்ணன் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், முதுகெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. எங்கள் டீ ஷர்ட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க, வாங்க. நானே உங்களப் பாத்துக் கேக்கோணும்னு இருந்தேனுங்க. எங்க நிறுத்திக் கேக்கறது, நீங்க கூட்டமாப் போவீங்க, பாட்டு ஓடும். ஒருக்கா மழை பேஞ்சுது பாருங்க, அன்னைக்கு வெடியால வாரேன், அந்தப் புதுப் பூங்காவுல ஒரு மஞ்ச வண்டி சாஞ்சு கெடந்துதுங்க. ஏனுங், யாருங்கன்னு கூப்பிட்டேன், மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. உங்க ஆளு யாராச்சும் வண்டியைப் போட்டுட்டாங்களோன்னு, உங்களைப் புடிச்சுக் கேட்டர்லாம்னு வேகமா மிதிச்சுட்டு வந்தேன். வந்து சேந்து வாயத் தொறக்கறேன், இந்த டீச்சரம்மா இருவத்தி மூணு, எல்லாரும் வந்தாச்சுன்னு சத்தமாச் சொன்னாங்க. எல்லாரும் விசிலடிச்சீங்க. சரி, இவங்காளுக எல்லாரும் வந்தாச்சு, அது வேற யாரோட வண்டியோன்னு நானும் ஊட்டுக்கு வந்துட்டேன்.”

டீச்சர் எண்ணித் தள்ளிய அந்த முதுகு, எண்ணிக்கை தப்பு என்று சொல்ல ஓடிவந்த முதுகு. அதையே எண்ணி, அதன் வாயை அடைத்திருக்கிறோம். ராக்கியண்ணனுக்குத் தானே அந்த இருபத்து மூன்று என்று தெரியவில்லை. அவரை யாராவது எண்ணுவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

“அப்பறம் மனசு கேக்கலீங்க” என்றார் அவர். “வண்டிக்குப் பக்கத்துல இருந்த பள்ளத்தை எட்டிப் பாத்திருக்கோணும். நாலெட்டு வெச்சிருந்தாப் பாத்திருக்கலாம். யாராச்சும் கெடந்திருந்தா? மறுநாள் போய்ப் பாத்தேன், வண்டியைக் காணோம். பூங்காக்காரங்களக் கேட்டா, ஒண்ணுமில்ல போய்யாங்கறாங்க. அன்னைலருந்து பகல்ல தூக்கமில்லீங்க. கண்ண மூடினா மஞ்ச வண்டிதான்.” பிறகு வசந்தாமணியைப் பார்த்து, “அது யாரு வண்டின்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாங்க அம்மணி?” என்றார்.

டீச்சர் வாயைத் திறந்தார். வசந்தாமணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எவ்வளவு அழுத்திப் பிடித்தாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

“தெரியுமுங்கண்ணா” என்றாள். “அது எங்க வண்டிதானுங்க. எங்க ஊட்டுக்காரரோடது. கொளத்துல நாரை வந்திருக்குன்னு வண்டியை அப்படியே சாச்சுட்டுப் பாக்கப் போயிட்டாரு. அப்பறம் எடுத்துட்டு வந்துட்டாரு. வெளியில நிக்குது, பாருங்க.”

ராக்கியண்ணன் வாசலுக்கு வந்தார். சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் சைக்கிளைப் பார்த்தார், கிட்டே போய் சீட்டைத் தொட்டார், ஹேண்டில்பாரைத் தொட்டார், பம்பு வைத்த பையைத் தொட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இதேதானுங்க, இதேதான். அட சாமி. நாலு மாசமுங்க.” பிறகு, “அவரு வரலீங்களா?” என்றார்.

“இல்லீங்கண்ணா. ஊட்டுல இருக்காரு.”

“நல்லா இருக்கட்டும்” என்றார் ராக்கியண்ணன். பிறகு வயதில் மூத்தவர் என்ற உரிமையில் கொஞ்சம் குரலை உயர்த்தினார். “ஆனா அம்மணி, அவர்கிட்ட நான் கோவிச்சுக்கிட்டேன்னு சொல்லுங்க. மழையில வண்டிய அப்படிப் போட்டுட்டுப் போனா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? இனிமே அப்படிச் செய்ய வேண்டாம்னு கண்டிச்சுச் சொல்லுங்க.”

“சொல்றேனுங்கண்ணா” என்றாள் வசந்தாமணி. “இன்னைக்கே சொல்றேன்.”